பெங்களூரு–சேலம் விமானம்: டிக்கெட்டில் ஒரு மணி நேரம், நிஜத்தில் எவ்வளவு?

லீவுக்குப் பெங்களூரில் இருந்து சேலம் போகணும். ஆப்பில் தேடினால் விமானத்துக்கு ‘சுமார் ஒரு மணி நேரம்’ என்று காட்டுகிறது. பஸ்ஸில் போனால் நாலு மணி நேரம். அப்போ விமானம்தானே பெஸ்ட்? அவசரப்படாதீங்க, கணக்கு போட்டுப் பார்ப்போம்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 160 கி.மீ. இந்த மாதிரி குறைந்த தூரத்துக்குப் பயன்படும் ஏடிஆர் 72 ரக விமானம் மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்தால் 20 நிமிடம்கூட வராது.

பிறகு ஏன் ஒரு மணி நேரம்? டிக்கெட்டில் இருப்பது ‘பிளாக் டைம்’. அதாவது, விமானம் நகரத் தொடங்கியது முதல் போய்ச் சேர்ந்து நிற்பது வரை. ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இதில் அடக்கம். தூரம் குறைவு என்பதால் இந்த நேரம் பெரிதாகக் குறையாது.

வாசலில் இருந்து வாசலுக்கு

நீங்கள் கோரமங்களாவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

- தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு: ஒன்றரை மணி நேரம்
- செக்-இன், பாதுகாப்புச் சோதனை: ஒன்றரை மணி நேரம்
- விமானம்: ஒரு மணி நேரம்
- ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இறங்கி சேலம் நகருக்கு: ஒரு மணி நேரம்

மொத்தம் ஐந்து மணி நேரம்! சேலம் தெற்கே இருக்கிறது. நீங்கள் முதலில் வடக்கே போகிறீர்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக சாலையில் சுமார் 200 கி.மீ.தான்.

இதற்கு யார் பணம் கொடுப்பது?

2023 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை மத்திய அரசின் ‘உடான்’ திட்டத்தில் வருகிறது. சில சீட்டுகளுக்குக் கட்டண உச்சவரம்பு. விமான நிறுவனத்தின் இழப்பை ஈடுகட்ட மூன்று ஆண்டுகளுக்கு மானியம். அந்தப் பணத்தின் பெரும்பகுதி, பெரிய நகரங்களுக்கு இடையே பறக்கும் விமானங்களிடம் வசூலிக்கும் தொகையில் இருந்து வருகிறது. அதாவது, நீங்கள் டெல்லிக்கு எடுக்கும் டிக்கெட்டிலும் இதற்கு ஒரு பங்கு இருக்கலாம்.

மானியம் முடிந்தால்? 2023-ல் வெளியான சிஏஜி அறிக்கையின்படி, முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்று ஆண்டுகளை முழுசா முடித்தவை 112. அதன் பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை வெறும் 54. சேலத்துக்கு இது புதுசு இல்லை. 2018 மார்ச்சில் வந்த சென்னை விமானம் 2021-ல் நின்றுபோனது.

அப்போ இந்த விமானம் வேஸ்ட்டா?

இல்லை. சேலத்துக்காரர் பெங்களூரில் இறங்கி டெல்லிக்கோ துபாய்க்கோ விமானம் மாறினால் லாபம் உண்டு. சோதனை முடிந்த பிறகு சிட்டி டிராஃபிக்கைத் தொடவே வேண்டாம்.

ஆனால் வெறும் பெங்களூரு–சேலம் பயணத்துக்கு உண்மையான போட்டி தண்டவாளத்தில்தான். 2023 டிசம்பர் 30-ல் தொடங்கிய கோவை–பெங்களூரு வந்தே பாரத், சேலத்தில் நிற்கிறது. அதுவும் நாலு மணி நேரத்தை ஒட்டித்தான் எடுத்துக்கொள்கிறது. காரணங்களில் ஒன்று, ஓமலூர்–ஓசூர் இடையே ஒற்றைப் பாதை. 2023-ல் பிரான்ஸ், ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடிகிற சில வழித்தடங்களில் விமானத்தையே தடை செய்தது. அங்கே முதலில் ரயில் வேகமாக இருந்தது என்பதுதான் விஷயம்.

அடுத்த முறை ஆப்பில் ‘ஒரு மணி நேரம்’ என்று பார்த்தால், அதோடு நாலு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் புக் பண்ணுங்கள்.