மில்லிங் மெஷினுக்குச் சக்கரம் கட்டலாமா?

சாங்வியிலிருந்து ஆற்றைத் தாண்டி, தாபோடி, காசர்வாடி, நாசிக் பாட்டா என்று போனால் போசரி எம்.ஐ.டி.சி. வந்துவிடும். அங்கே சின்னச் சின்ன வாடகை ஷெட்டுகளில் நம்ம ஊர்க்காரர்கள் நிறையப் பேர் ஜாப் ஒர்க் செய்கிறார்கள். ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு ட்ரில்லிங், நாலு ஆள். அவ்வளவுதான் கம்பெனி. நான் போய்வரும் ஷெட்டுகள் சிலவற்றில் மில்லிங் மெஷினுக்கு அடியில் நாலு கேஸ்டர் வீல் மாட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க நல்ல யோசனை மாதிரித்தான் தெரிகிறது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மீதிப் பாதி பயம்.

மெஷினைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிரிட்ஜ்போர்ட் மாடல் என்று சொல்கிற டரட் மில்லிங் மெஷின் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். எடை சுமார் ஒரு டன். பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அடிப்பாகம் சின்னது, மோட்டாரும் ஹெட்டும் உச்சியில். ஒல்லிக் காலில் பெரிய தலைப்பாகைக்காரர் நிற்பதுபோல. நம் ஆட்கள் இதைப் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் வாங்குகிறார்கள், அதுவும் வீட்டுக்காரம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போன பிறகு. அதனால் இது வெறும் இரும்பு சமாச்சாரம் இல்லை, குடும்ப சமாச்சாரம்.

சக்கரம் ஏன் வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். இங்கே ஷெட் வாடகை பெரும்பாலும் 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ். ஓனர் வாடகை ஏற்றினால் அடுத்த சந்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஹைட்ரா கிரேன் கூப்பிட்டால் அதற்கு ஒரு செலவு. ஷெட்டுக்குள்ளேயும் இடம் கிடையாது. நீளமான ஜாப் வந்தால் மெஷினைச் சுவரிலிருந்து இழுக்க வேண்டும், முடிந்ததும் திரும்பத் தள்ள வேண்டும். கோயம்புத்தூர்க்கார நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டது இதுதான்: "ஏனுங்க, நாலு வீல் வச்சுட்டா சோலி முடிஞ்சுதுங்களே?"

முடியாதுங்க. அங்கேதான் ஆரம்பம்.

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். சுமார் 300 டன் என்கிறார்கள். திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அப்படியும் முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லாமல் தேர் வீதியில் திரும்புவதில்லை. சக்கரம் ஓடுவதற்கு, கட்டை நிற்பதற்கு என்று இரண்டையும் தனித்தனி வேலையாக வைத்திருக்கிறார்கள். நம் ஷெட்டில் மட்டும் ஓடுவதும் நிற்பதும் ஒரே வீலில் என்றால் எப்படி?

மில்லிங் மெஷின் வேலை செய்யும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாலு பல் உள்ள எண்ட் மில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், இரும்பில் 3,200 அடி. நொடிக்கு ஐம்பதுக்கும் மேல். இந்த அடியை எல்லாம் வார்ப்பிரும்பு உடம்பு வாங்கித் தரையில் இறக்க வேண்டும். நடுவில் ரப்பர் வீலோ, லூசான கேஸ்டர் பேரிங்கோ இருந்தால் மெஷின் மெத்தைமேல் நிற்கிற கணக்கு. ஜாப்பில் அலை அலையாகக் கோடு விழும். கார்பைடு டூல் பல் தெறிக்கும். ஹெல்பர் பையன் ஃபீடைக் குறைத்து ஓட்டுவான், மணிக்கணக்கு ஏறும். கடைசியில் "மெஷின் பழசு சார்" என்று பழி மெஷின்மேல். வீல் லாக் போட்டிருக்கிறோமே என்பார்கள். லாக் சக்கரம் உருளாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஆட்டத்தை நிறுத்தாது.

ஆனால் இதெல்லாம் காசு நஷ்டம். என்னை உறுத்துவது வேறு.

மெஷினின் எடை மையம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, சக்கரங்களுக்கு இடையே அகலம் 600 என்று வைத்துக்கொள்வோம். சுமார் 18 டிகிரி சாய்ந்தால் போதும், ஆள் பிடித்து நிறுத்த முடியாது. அத்தனை சாயுமா என்று கேட்கலாம். சாய வேண்டியதே இல்லை. மூன்று பேர் வேகமாகத் தள்ளும்போது முன்சக்கரம் ஒரு நட்டில், ஒரு இரும்புச் சில்லில், தரை வெடிப்பில் தடுக்கினால் கீழ்ப்பாகம் நிற்கும், தலை போய்க்கொண்டே இருக்கும். போதாததற்கு, சுழலும் கேஸ்டர் உள்பக்கம் திரும்பி நின்றால் அந்த 600 இன்னும் குறையும். அப்போது முன்னால் நின்று வழி காட்டுகிறவன் யார்? அநேகமாகப் பதினெட்டு இருபது வயதுப் பையன், ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆனவன், காலில் செருப்பு. பத்துப் பேருக்குக் குறைவான ஷெட்டில் இ.எஸ்.ஐ.யும் பெரும்பாலும் இருக்காது. மெஷின் சாய்ந்தால் பிடிக்கப் பார்க்காதே, விட்டுவிட்டு ஓடு என்று அவனுக்கு முதல் நாளே யாராவது சொன்னார்களா?

அதனால் சக்கரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பைப் உருட்டி, கடப்பாரை நெம்பி நகர்த்துவதில் விரல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். வைத்தால் ஒழுங்காக வையுங்கள் என்கிறேன்.

வீல் மெஷினுக்கு அடியில் வேண்டாம், வெளியே வேண்டும். சேனலில் ஒரு சட்டம் வெல்டு செய்து, மெஷின் அதற்குள் தாழ்வாக உட்கார வேண்டும். தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் போதும். சட்டத்தின் கைகள் வெளியே நீண்டு, அவற்றின் முனையில் வீல். அகலம் 600 என்பது 900 ஆனால் அந்த 18 டிகிரி 26 ஆகிவிடும். வெறும் இரும்பு வெட்டுகிற வேலைதான், ஆனால் உயிர் அதில் இருக்கிறது. வீல் வாங்கும்போது ஒரு டன்னை நாலால் வகுத்து 250 கிலோ வீல் கேட்காதீர்கள். நம் ஷெட் தரைக்கு நாலு வீலும் ஒரே நேரத்தில் படியாது, மூன்றுதான் தாங்கும். அதிர்ச்சிக்கும் சேர்த்து ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்குவதாக, 150 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டத்தில், வார்ப்பிரும்பின்மேல் பாலியூரிதேன் போட்டதாக இருக்கட்டும். சின்ன வீல் சின்னக் கல்லுக்கே நின்றுவிடும். இரண்டு சுழலும் வீல், இரண்டு சுழலாத வீல் போதும்.

நாலு மூலையிலும், மெஷின் அடிப்பாகத்தை ஒட்டியே, எம்20 நட்டை வெல்டு செய்து போல்ட் இறக்குங்கள், கீழே பேட். வேலை நேரத்தில் போல்டை மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, டேபிள்மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, செக்நட் போட்டு இறுக்க வேண்டும். சரியாக நிற்கிறதா என்பதற்கு என் பரீட்சை ஒன்றுதான்: வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். நாலும் சும்மா சுற்ற வேண்டும். ஒன்று சுற்றாவிட்டாலும் மெஷின் இன்னும் வண்டிதான்.

நகர்த்தும்போது டேபிளை நடுவுக்குக் கொண்டுவந்து லாக் செய்து, ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பி, மேலே இருக்கிற எடையைக் கீழே கொண்டுவர வேண்டும். ஹெட்டின் போல்டைக் கழற்றும்போது டேபிளில் மரக்கட்டை வைத்துத் தாங்கல் கொடுக்க மறக்க வேண்டாம், அது சட்டென்று விழும். ஷட்டர் வாசலில் மழைத்தண்ணீர் ஓடுவதற்கென்று சரிவு போட்டிருப்பார்களே, அங்கே வீலில் இறக்குகிற வேலையே கூடாது. பத்தடிக்கு ஓரடி சரிவு என்றால் ஒரு டன் மெஷின் 100 கிலோ பலத்தோடு உங்களை இழுக்கும். அந்த இடத்துக்குக் கிரேன்தான். செலவு ஆனால் ஆகட்டும்.

2019 ஆகஸ்டில் சாங்வி ஆற்றங்கரைத் தெருக்களுக்குள் வெள்ளம் வந்ததைக் காட்டி, அவசரத்துக்கு வீல் உதவுமே என்றார் ஒருவர். முழங்கால் தண்ணீரில் ஒரு டன்னைத் தள்ளப் போகிறவர் யார் என்று அவர் சொல்லவில்லை :-) தண்ணீர் வருகிற ஷெட்டில் மோட்டாரையும் எலக்ட்ரிக் பெட்டியையும் கழற்றி மேலே ஏற்றுவதுதான் ஆகிற காரியம். அதேபோல, இரண்டு மூன்று டன் ஹாரிசான்டல் மில்லிங்குக்கு இந்த யோசனையே வேண்டாம். அதைத் தூக்கவென்றே ஆள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இதைச் செய்கிறவர் குறைவு. மெஷின் இடம் மாறியதும் த்ரீ ஃபேஸ் வயரைப் புது பாயிண்டில் கொடுக்கும்போது இரண்டு வயர் மாறிவிட்டால் ஸ்பிண்டில் எதிர்ப்பக்கம் சுற்றும். டூல் மாட்டாமல் ஒரு தரம் ஓட்டி, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் ஜாப்பை ஏற்றுங்கள்.