கல்லைக் காணோம்

நிலம் வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஜாதகம் பார்ப்பார்கள், வாஸ்து பார்ப்பார்கள், நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காடு முழுக்க நடப்பார்கள். முப்பது வருஷத்துக்கு ஈ.சி. போட்டு வக்கீலிடம் ஒப்பீனியன் வாங்குவார்கள். "அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டால் மட்டும், "அதான் வேலி இருக்குதுங்களே" என்பார்கள்.

ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கமெல்லாம் கிளுவை வேலிதான் சர்வேயர். அது நட்ட இடத்தில் நிற்கிற ஜாதியா? பட்டுப்போன இடத்தில் புதுப் போத்து நடும்போது ஒரு சாண் தள்ளி நடுவார்கள். அடுத்த முறை இன்னொரு சாண். இரண்டு தலைமுறையில் பொழி பக்கத்துக் காட்டுக்குள் குடிபோய்விடும். இட்டேரிகள் குறுகியதும் இப்படித்தான். இரண்டு பக்கத்துக்காரர்களும் ஆளுக்கு ஒரு முழம் உள்ளே வந்துவிட்டார்கள். இப்போது மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வந்த லாரி திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே ரோட்டுக்குப் போகிறது.

இத்தனைக்கும் அளவைக்குப் பேர்போன சீமை இது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்குப் போனதும் அலெக்ஸாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் முதல் வேலையாகச் செய்தது வயல்வயலாக அளந்ததுதான். ரயத்துவாரி முறை இங்கே முளைத்துத்தான் மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. அந்த மண்ணில் இருந்துகொண்டு, "தென்னை மரம் வரைக்கும் பெரியவனுக்கு, அதுக்கு அந்தாண்டை சின்னவனுக்கு" என்று அண்ணன் தம்பிகள் வாய்வார்த்தையில் பாகம் பிரித்துக்கொள்கிறோம். தென்னை இடி விழுந்து போகும். பட்டா கூட்டுப்பட்டாவாகவே கிடக்கும். பேரன்கள் கோர்ட்டில் நிற்பார்கள்.

காகிதங்களாவது ஒரு பேச்சுப் பேசுகிறதா என்றால் அதுவும் கிடையாது. பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தில் மீட்டர். அதற்கும் பழைய படத்தில் லிங்க். 100 லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏர் 2.47 சென்ட். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எவருக்குப் பொறுமை? 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் சர்வே எண், பெயர், பரப்பு எல்லாம் புதுக் கணக்குக்கு மாறின. அப்போது விழுந்த பிழைக்காக இன்றைக்கும் கோட்டாட்சியர், டி.ஆர்.ஓ. என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். உழுதது அப்பா, வரி கட்டியது அப்பா, பட்டாவில் பேர் மட்டும் பங்காளிக்கு.

சரி, அளக்கலாம் என்று முடிவெடுத்தவன் கதை தனி. பணம் கட்டி ஆன்லைனில் மனுப் போடலாம். நல்ல ஏற்பாடுதான். மனு பறந்து போகும். சர்வேயர் நடந்துதான் வருவார். ஒரு நாள் வி.ஐ.பி. டியூட்டி, ஒரு நாள் ஜமாபந்தி, ஒரு நாள் கோர்ட். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, ஒரு ஆளுக்கு எத்தனை கிராமம்! ஒருவழியாக வந்து படத்தை விரித்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "கல்லு எங்கீங்க?" அப்போதுதான் ஊரே கல்லைத் தேடும். குப்பைமேட்டை கடப்பாரையால் குத்திப் பார்ப்பார்கள். ஒன்று மாட்டுக் கொட்டகையின் படிக்கல்லாகக் கிடக்கும். இன்னொன்றை டிராக்டர்காரன் உழவுக்கு இடைஞ்சலென்று பிடுங்கி வரப்பில் சாய்த்திருப்பான். அரசு நட்ட எல்லைக் கல்லை அழித்தால், நகர்த்தினால் ஓராண்டு வரை சிறை என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 434-ஆம் பிரிவே சொன்னது. யாருக்குத் தெரியும்?

ஆனால் இதே சர்க்கார் ஆட்களுக்கு வேகமாக அளக்கவும் தெரியும். 2018 ஜூனில் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காகப் போலீஸ் காவலோடு வந்து வயலுக்குள் கல் நட்டார்களே, யார் மனுப் போட்டது? விவசாயிகள் அழுது புரண்டும் கல் ஊன்றி நின்றது. 2019 ஏப்ரல் 8-இல் உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பையே ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது, அதெல்லாம் வேறு வழக்கு. அவர்களுக்கு வேண்டுமென்றால் கல் வருகிறது, நமக்கு வேண்டுமென்றால் தேதி வருகிறது. என் வயிற்றெரிச்சல் அவ்வளவுதான்.

மனை வாங்குகிறவர்கள் இன்னும் மோசம். மஞ்சள் பெயிண்ட் அடித்து புரமோட்டர் நட்ட கல்லை சர்வே கல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். டி.டி.சி.பி. அப்ரூவல் லேஅவுட்டுக்குத்தான். உங்கள் நாற்பதுக்கு அறுபது தரையில் அப்படியே இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் படத்தை எடுத்து, பத்திரத்துச் செக்குபந்தியில் உள்ள நான்கு எல்லையையும் தரையையும் ஒத்துப் பார்க்க ஒரு காலைப் பொழுது போதும். பரப்பும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லை சொல்வதைத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். அளவு எட்டு சென்ட் என்று எழுதியிருக்கிறதே என்று அப்போது கத்திப் பயனில்லை. தனியார் சர்வேயரை வைத்து அளப்பது உங்கள் மனத்திருப்திக்கு. பக்கத்துக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த அளவு நிற்காது. அவருக்கும் நோட்டீஸ் போய், அவரும் நிற்கும்போது தாலுகா சர்வேயர் அளந்தால்தான் பேச்சு.

குத்தகைக்காரர்களும் கொஞ்சம் கேளுங்கள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை போட இடம் பிடிக்கிறவர் அக்ரிமென்ட்டில் "சுமார் இரண்டு ஏக்கர்" என்று எழுதி வாங்கிக்கொள்கிறார். அந்தச் சுமாரில் ஷெட் நீண்டு வாய்க்கால் புறம்போக்கில் கால் வைத்தால் நோட்டீஸ் ஷெட்காரருக்குத்தான் வரும். இடத்துக்காரர் வாடகை வாங்கிக்கொண்டு கைகழுவிவிடுவார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்தே ஆக வேண்டும்; பதியும்போது ஒரு வரைபடத்தையும் சேர்த்துப் பதிந்தால் என்ன குறைந்துவிடும்? கோயில் இடத்தில் வீடு கட்டிப் பகுதி என்கிற மனை வாடகை கட்டுகிறவர்களுக்கும் இதேதான். அறநிலையத் துறை ரோவர் கருவியோடு கோயில் நிலங்களை அளந்து கல் நட்டுக்கொண்டிருக்கிறது. ரசீதில் உள்ள அளவும் குடியிருக்கிற அளவும் ஒன்றா என்று அவர்கள் வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

யார் கேட்கிறார்கள்? போன மாதம்கூட ஒரு தம்பி வந்தார். லிண்டல் மட்டம் வந்தாயிற்று, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒன்றரை அடி தன்னுடையது என்கிறார். "அண்ணா, இப்ப சர்வேயருக்கு மனுப் போட்டுரலாங்களா?" என்றார். அஸ்திவாரம் தோண்டும்போது என்னப்பா செய்தாய் என்றேன். நல்ல நேரம் பார்த்தாராம்.