மணியோசையைக் கேட்போம்!



யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம் ஊர்ப் பழமொழி. ஹைட்ராலிக் பம்புக்கும் ஹைட்ராலிக் மோட்டாருக்கும் இது அப்படியே பொருந்தும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, இன்னிக்குக் காலையில திடீர்னு போயிடுச்சு" என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையல்ல. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அது மணியடித்திருக்கும். காதில் விழுந்தவர் சொல்லியும் இருப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டிப்ளமோ முடித்து நாளைக்கு மெயின்டனன்ஸ் செக்‌ஷனில் நிற்கப்போகிறவர்கள் நாம். அதனால் ஒரே ஒரு கருத்தை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். பம்ப் ரிப்பேருக்கு வந்துவிட்டது என்பதை முதலில் உணர்பவர் மெஷினில் நிற்கும் ஆபரேட்டர். அவர் சொன்னதை அளந்து பார்த்து உறுதி செய்வதுதான் நம் வேலை. அளக்காமல் ஓட்டிக்கொண்டே இருப்பதும் தப்பு. அளக்காமல் கழற்றிப் போடுவதும் தப்பு.

நம் பிழைப்பில் ஹைட்ராலிக்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆனால் தோல் தொழில் பிரியவில்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் வீடுகளில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது டேனரியும் ஷூ கம்பெனியும்தான். ஃபிளெஷிங் மெஷினைத் திறந்து மூடுவது ஹைட்ராலிக். பல மெஷின்களில் தோலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் ரோலரைச் சுற்றுவது ஹைட்ராலிக் மோட்டார். ஈரத் தோலைப் பிழியும் சாமியிங் மெஷின், தோலுக்கு மினுமினுப்பும் அச்சும் கொடுக்கும் பிளேட்டிங் பிரஸ், ஷூவுக்குத் தோல் வெட்டும் கிளிக்கிங் பிரஸ் எல்லாவற்றிலும் உள்ளே ஓடுவது எண்ணெய்தான்.

பாஸ்கல் விதியை முதல் வருஷத்திலேயே படித்தோம். 13 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 133 சதுர செ.மீ. அதன்மேல் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 150 கிலோ அழுத்தம் வந்தால் கிட்டத்தட்ட 20 டன். இந்த 20 டன்னுக்கு ஒரு சாண் தள்ளி நம் அக்காவோ தங்கச்சியோ கையை வைத்து வேலை செய்கிறார்கள். இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

ஐந்து மணிகள்

முதல் மணி, சத்தம். எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. விடாமல் கூவுகிற மாதிரி, உள்ளே கூழாங்கல் உருளுகிற மாதிரி வந்தால் பம்புக்கு எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம். சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம். விட்டுவிட்டுத் தட்டுகிற சத்தமும், டாங்கில் நுரையும் சேர்ந்து வந்தால் காற்று நுழைகிறது. எண்ணெய் அளவு குறைந்திருக்கலாம், சக்‌ஷன் குழாய் ஜாயின்ட் தளர்ந்திருக்கலாம். ஒவ்வொரு ஜாயின்டாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாருங்கள். எங்கே விட்டதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. பல நேரம் பம்பில் குற்றமே இருக்காது. அப்படியே விட்டுவைத்தால் மட்டும் நல்ல பம்பும் கெட்டுப்போகும்.

இரண்டாவது மணி, சூடு. 'பார்' கணக்கில் அழுத்தத்தையும் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 120 பார் அழுத்தத்தில் நிமிஷத்துக்கு 30 லிட்டர் தரும் பம்புக்கு 6 கிலோவாட். அதில் 6 லிட்டர் உள்ளுக்குள்ளேயே கசிந்து திரும்பினால் 1.2 கிலோவாட் வீண். வீணானது எங்கே போகும்? சூடாக மாறி எண்ணெயில் இறங்கும். வீட்டில் வெந்நீர் போடுகிற ஹீட்டரை டாங்கில் போட்டு நாள் முழுக்க எரியவிட்ட கதைதான். எண்ணெய் 60 டிகிரியைத் தாண்டினால் காரணம் தேடுங்கள். 80-ஐத் தாண்டினால் ஆயில் சீல் வெந்து இறுகிவிடும்.

மூன்றாவது மணி, மந்தம். அதே 6 லிட்டர் கசிவு என்றால் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. 5 விநாடியில் முடிந்த வேலைக்கு 6 விநாடிக்கு மேல் ஆகும். கெஸ்ட் மாதிரி வந்து பார்க்கிற நமக்கு அது தெரியாது. நாளெல்லாம் அதே மெஷினில் நிற்பவருக்குத் தெரியும். "காலையில நல்லா ஓடுது, மத்தியானத்துக்கு மேல இழுக்க மாட்டேங்குது" என்று அவர் சொன்னால் அதைப் பொன்னெழுத்தில் எழுதி வையுங்கள். உள்கசிவுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. வி.ஜி. 46 எண்ணெய் 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 70 டிகிரியில் இருக்கும். தேய்ந்த இடுக்கு வழியே தண்ணீர் மாதிரி நழுவிவிடும். நம் ஊர் மே மாத வெயிலைக் கேட்கவே வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "கேஜ்ல பிரஷர் சரியாத்தானே காட்டுது" என்று சிலர் வாதம் பண்ணுவார்கள். பம்ப் தருவது ஓட்டம். அந்த ஓட்டத்துக்கு வருகிற எதிர்ப்பில்தான் அழுத்தம் உண்டாகிறது. சிலிண்டர் கடைசிவரை போய் முட்டி நிற்கும்போது தேய்ந்த பம்ப் கூட முழு அழுத்தத்தைக் காட்டிவிடும். ஆகவே கேஜை மட்டும் பார்த்துவிட்டுப் பம்புக்கு நற்சான்றிதழ் கொடுக்காதீர்கள். கையில் ஸ்டாப்வாட்ச்சும் இருக்கட்டும்.

நான்காவது மணி, எண்ணெயின் நிறமும் ஃபில்டரின் வயிறும். எண்ணெய் பால் மாதிரி வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தரையை ஹோஸ் போட்டுக் கழுவுகிற டேனரியில் இது ரொம்ப சகஜம். டாங்கின் மூடியும் காற்றுத் துவாரமும் சரியாக இல்லாவிட்டால் போதும். ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் மின்னுகிற துகள் இருக்கும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மஞ்சளாக மின்னினால் வெண்கலம், வெள்ளையாக மின்னினால் அலுமினியம். எந்தப் பாகம் தேய்கிறது என்று பம்பே எழுதி அனுப்புகிற கடிதம் அது. நம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிவது சுமார் 40 மைக்ரான் வரைதான். பம்புக்குள் இருக்கும் இடைவெளிகளோ சில மைக்ரான்கள். அதனால் கண்ணுக்கே தெரிகிற அளவு துகள் வந்துவிட்டால், தெரியாதது எத்தனையோ மடங்கு உள்ளே சுற்றுகிறது.

ஐந்தாவது மணி, கேஸ் டிரெய்ன். பிஸ்டன் பம்பிலும் பெரும்பாலான ஹைட்ராலிக் மோட்டார்களிலும் உள்கசிவை டாங்குக்குத் திருப்பி அனுப்ப ஒரு சின்னக் குழாய் இருக்கும். சீனியர் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு, எண்ணெய் சூடான பிறகு, வழக்கமான லோடில் அந்தக் கசிவை ஒரு கேனில் பிடித்து நிமிஷக் கணக்கு பாருங்கள். நல்ல பிஸ்டன் பம்பில் முழு ஓட்டத்தில் 1 முதல் 3 சதவீதம் இருக்கும். 10 சதவீதத்தை நெருங்கினால் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. மோட்டார் வெறுமனே நன்றாகச் சுற்றி, தோல் வந்து மாட்டியதும் திணறினாலும் இந்தக் குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கியர் பம்பில் பொதுவாக இந்தக் குழாய் கிடையாது. அதற்கு ஓட்டத்தை நேராக அளக்கத்தான் வேண்டும்.

அவசரப்பட்டுக் கழற்றாதே

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தியருக்குச் சொன்ன முறை ஃபிட்டருக்கும் பொருந்தும். நோயைப் பார்த்து, அதன் காரணத்தைப் பார்த்து, பிறகு தீர்க்கும் வழியைப் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் பலர் மூன்றாவதில் ஆரம்பிக்கிறார்கள். கிளிக்கிங் பிரஸ் ஒரே அடியில் வெட்டாமல் இரண்டாவது அடி கேட்டால் உடனே "பம்ப் போச்சு" என்கிறார்கள். வெட்டும் அச்சு மழுங்கியிருக்கலாம். கட்டிங் போர்டு குழி விழுந்திருக்கலாம். ரிலீஃப் வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். சிலிண்டர் சீல் போயிருக்கலாம். ரிலீஃப் வால்வைப் பம்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, அதற்கு அப்பால் லைனை அடைத்துப் பாருங்கள். அழுத்தம் பழையபடி ஏறாவிட்டால் கோளாறு பம்பிலோ ரிலீஃப் வால்விலோ. ஏறினால் அப்பால் தேடுங்கள். ஆனால் முன்னே சொன்ன காரணத்தால், அழுத்தம் ஏறியதை மட்டும் வைத்துப் பம்பை முழுசாக விடுதலை செய்யாமல் ஓட்டத்தையும் அளந்துவிடுங்கள். ரிலீஃப் வால்வுக்கு முன்னால் மட்டும் எந்தக் காலத்திலும் அடைக்காதீர்கள், ஏதாவது ஒன்று வெடிக்கும்.

இன்னொன்று. ஊசி முனை அளவு கசிவைக் கையால் தடவிக் கண்டுபிடிக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டையை நீட்டிப் பாருங்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் வலிக்கவில்லை என்று வீட்டுக்குப் போகாமல், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

யார் சொல்வது அம்பலம் ஏறும்?

இம்ப்ளான்ட் டிரெயினிங் போன ஒரு டேனரியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஃபிளெஷிங் மெஷின் அண்ணன் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், "ரோலர் இழுவை குறைஞ்சிருக்கு சார், ஒரு தடவை பாருங்க." சூப்பர்வைசர் சொன்ன பதில், "நீ தோலை ஒழுங்கா போடு, அது இழுக்கும்." பதினோராம் நாள் மோட்டார் இறுகி நின்றது. சுண்ணாம்பில் இருந்து எடுத்த தோல்கள் கும்பலாக வெளியே கிடந்தன. அப்படிக் கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து கிரெய்ன் பக்கத்தில் வெள்ளைக் கறை பிடிக்கும், அது பிறகு சாயத்திலும் தெரியும். அவசரமாகப் புது மோட்டார் போட்டார்கள். டாங்கையும் லைனையும் கழுவவில்லை. பழையது உடைந்த தூள் எல்லாம் புதியதற்குள் போயிற்று. சில வாரத்தில் அதுவும் கத்த ஆரம்பித்தது. இத்தனைக்கும் பிறகு பேச்சு வாங்கியது யார் தெரியுமா? அதே ஆபரேட்டர் அண்ணன்தான்!

"ஷிப்மென்ட் இருக்கு, மெஷினை நிறுத்த முடியாது" என்பார்கள். நியாயம்தான், ஆர்டர் போனால் எல்லோருக்கும் நஷ்டம். ஆனால் நாமே நாள் குறித்து அரை நாள் நிறுத்துவது ஒன்று, அது நம்மை நிறுத்துவது வேறு ஒன்று. முன்னதில் ஒரு சீல் செட்டோ ஒரு பேரிங்கோதான் செலவு. பின்னதில் பம்ப், வால்வு, சிலிண்டர், எண்ணெய், தோல் என்று வரிசையாகப் போகும். கசிந்த எண்ணெய் வாய்க்கால் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் தண்ணீரின் மேல் படலமாகப் படிந்து ஆக்சிஜனைத் தடுக்கும். பாலாற்றுத் தண்ணீருக்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கிய மண் இது. நம்மிடம் அந்த அலட்சியம் இருக்கலாமா?

நாம் செய்யக்கூடியது

நம் லேபில் இருப்பது சுத்தமான எண்ணெய், ஓடாத பம்ப். தேய்ந்த பம்ப் எப்படிக் கத்தும் என்று கேட்காமலேயே நாம் டிப்ளமோ வாங்கிவிடுகிறோம். காய்ச்சல் வந்த ஆளையே பார்க்காமல் டாக்டர் ஆவது மாதிரி! யூனியன் சார்பில் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கேட்டுக் கழித்துப்போட்ட ஒரு கியர் பம்பை வாங்கி, புதுப் பம்புக்குப் பக்கத்தில் மாட்டுவோம். இரண்டின் ஓட்டத்தையும் சூட்டையும் அளந்து எழுதுவதே ஒரு நல்ல ஃபைனல் இயர் புராஜெக்ட். டிரெயினிங் போகிற ஒவ்வொருவரும் ஒரு மெஷினுக்காவது விநாடி, டிகிரி, லிட்டர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அதை அங்கேயே கொடுத்துவிட்டு வருவோம். புதிதில் எவ்வளவு இருந்தது என்று எழுதி வைக்காதவனுக்கு, பழசானது எப்போது என்று எந்தக் காலத்திலும் தெரியாது.

அந்த நோட்டில் கடைசியாக ஒரு பத்தி விட்டு வையுங்கள். அதற்குத் தலைப்பு, "ஆபரேட்டர் சொன்னது". அவர் பேரையும் தேதியையும் போட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். நாளைக்கு மெஷின் நின்றால் யார் மேல் பழி என்று தேடும்போது, முதலில் சொன்னவர் பக்கம் அந்தப் பத்தி பேசும்.