ஷார்க்கா, ரேஞ்சரா? முதலில் வீட்டு மீற்றரைப் பார்ப்போம்



2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்ததிலிருந்து நம் ஊரில் கெப் பேச்சுத்தான். சார்ஜ் போட்டு ஓடும் ஹைபிரிட் கெப் என்றால் பீவைடி ஷார்க்கா, போர்ட் ரேஞ்சரா என்று கேட்கிறார்கள்.

முகப்பைப் பார்த்து அல்ல, வேலையைப் பார்த்தே நாம் முடிவெடுக்க வேண்டும். ஷார்க்கின் பெட்டரி சுமார் 30 யூனிட் பிடிக்கும். வயலுக்கும் கடைக்கும் போய்வரும் அன்றாட ஓட்டம் கரண்டிலேயே முடிந்துவிடும். ஆனால் 2,500 கிலோ வரைதான் இழுக்கும். ரேஞ்சரின் பெட்டரி 12 யூனிட்தான், கரண்டில் நாற்பது சொச்சம் கிலோமீற்றர். ஆனால் 3,500 கிலோ இழுக்கும். படகும் ட்ரெய்லரும் இழுப்பவருக்கு அதுவே பொருத்தம். வெள்ள காலத்தில் கரண்ட் போனால் இரண்டிலிருந்தும் லைட்டும் நீர்ப்பம்பியும் போடலாம்.

நாம் மறப்பது ஒன்று. இரண்டும் பெற்றோல் என்ஜின். சார்ஜ் போடாமல் ஓட்டினால், பெட்டரியின் பாரத்தையும் சுமந்துகொண்டு பெற்றோலைத்தான் எரிப்போம். சார்ஜ் போட்டாலும், ரேஞ்சரைத் தினமும் நிரப்பினாலே மாதம் 350 யூனிட். வீட்டுப் பாவனை 180 யூனிட்டைத் தாண்டினால் உச்சக் கட்டணம். கூரையில் சோலார் உள்ளவருக்குக் கணக்கு வேறு.

இதையெல்லாம் பார்க்காமல், அடுத்த வீட்டார் வாங்கினார் என்று வட்டிக்கு லீசிங் எடுத்தால் போவது பணம் மட்டுமல்ல, பரக்கத்தும்தான். வீட்டில் சார்ஜ் போட வழியில்லையா? இரண்டையும் விடுவோம். ஓடுகிற டீசல் கெப்பே இப்போதைக்குப் போதும்.

அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக.