காத்து நின்னா மூச்சு முட்டுது! கலிபோர்னியா பள்ளத்தாக்கில் கோடைதோறும் தொழிலாளர்கள் அவதி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சான் வாகீன் பள்ளத்தாக்கில் திராட்சை, பாதாம், தக்காளி அமோகமாக விளைகிறது. ஆனால் அதைப் பறிக்கும் கூலித் தொழிலாளர்களுக்கு கோடை வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. வெயில் மட்டும் காரணம் அல்ல. காற்றும் தான்.

புகை என்றதும் கரும்புகை என்று நினைத்து விட வேண்டாம். லாரி, டிராக்டர், எண்ணெய்க் கிணறு, மாட்டுப்பண்ணை ஆகியவற்றில் இருந்து கிளம்பும் வாயுக்கள் மீது சுள்ளென்று வெயில் பட்டால் ஓசோன் உருவாகிறது. வானத்தில் உயரே இருக்கும் ஓசோன் நம்மைக் காக்கும். அதுவே மூக்குக்கு நேரே இருந்தால் நுரையீரலைப் பதம் பார்க்கும். ஆஸ்துமாக்காரர்கள் பாடு திண்டாட்டம் தான்.

சரி, இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்?

கிழக்கே சியரா நெவாடா, மேற்கே கடலோர மலை, தெற்கே டெஹாச்சபி மலை என்று மூன்று பக்கமும் சுவர். கோடையில் உயர் காற்றழுத்தம் வந்து உட்கார்ந்து கொள்ளும். அப்போது மேலே இருக்கும் காற்று கீழே அமுங்கி சூடாகிறது. சூடான அந்தக் காற்று, பானைக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. கீழே உள்ள அழுக்கு மேலே போக வழி இல்லை.

பகலில் சான்பிரான்சிஸ்கோ பக்கம் இருந்து கடல் காற்று நுழைகிறது. வடக்கே உள்ள ஸ்டாக்டன் ஊருக்கு அது குளுகுளு காற்று. ஆனால் அதே காற்று தான் வழியில் உள்ள அழுக்கை எல்லாம் தெற்கே பிரெஸ்னோ, பேக்கர்ஸ்பீல்டு பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. மலையடிவாரத்தில் இருக்கும் ஆர்வின் என்ற சின்ன ஊர், ஊரான் வீட்டுப் புகையையும் சேர்த்துச் சுவாசிக்கிறது.

இரவில் போய்விடுமா என்றால் அதுவும் இல்லை. ஒரு பகுதி சுழன்று திரும்பி வருகிறது. இன்னொரு பகுதி உயரத்தில் தங்கி, மறுநாள் காலை வெயில் ஏறியதும் கீழே இறங்குகிறது. நேற்றைய சரக்கோடு இன்றைய சரக்கும் சேரும். அதனால் தான் வெயில் நாலைந்து நாள் தொடர்ந்தால் நிலைமை முற்றுகிறது. கடல் காற்று பலமாக வீசி மூடியைத் தூக்கினால் தான் விடிவு.

100 கோடி பங்கு காற்றில் ஓசோன் 70 பங்கு, அதுவும் 8 மணி நேர சராசரி. இதுதான் 2015-ல் அமெரிக்க அரசு வைத்த வரம்பு. வண்டிப்புகை பல ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டும், கடும் வெயில் நாட்களில் இங்கே அந்த வரம்பு தாண்டி விடுகிறது.

வெயிலில் வேலை பார்ப்போருக்கு நிழலும் தண்ணீரும் தரவேண்டும் என்று கலிபோர்னியா 2005-ல் விதி போட்டது. காட்டுத்தீ புகைக்கு 2019-ல் விதி வந்தது. ஓசோனுக்கு அப்படித் தனி விதி இல்லை. வானிலையைப் பார்த்து முதல் நாளே எச்சரிக்கை விடுகிறார்கள். ஆனால் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் அதைக் கேட்டு வீட்டில் இருக்க முடியுமா?

வெயிலுக்குப் பயந்து பல தோட்டங்களில் விடியும் முன்பே வேலை தொடங்குகிறது. ஓசோன் குறைவாக இருப்பதும் அந்த நேரத்தில் தான். மதியம் தாண்டியும் வயலில் நிற்பவர்கள் தான் உச்சத்தில் மாட்டிக் கொள்கிறார்கள்.