திருத்தணியில் இரவு தங்குவது

வெள்ளியிலோ திங்களிலோ ஓர் அரசு விடுமுறை வந்து சனி, ஞாயிறுடன் சேர்ந்துகொள்ளும் மூன்று நாள்களை 'நீண்ட வார இறுதி' என்று குறிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்நாள்களுக்கெனச் சென்னைக் குடும்பங்கள் போடும் பயணத் திட்டங்களில் ஏற்காடும் புதுச்சேரியும் தவறாமல் இடம்பெற, திருத்தணியோ திருப்பதி நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தித் தரிசனம் முடித்துவிட்டுக் கிளம்பும் ஊராகவே நின்றுவிட்டது. ஊர், உணவு, இயற்கை ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தில் நாடுவோருக்கு, புறநகர் மின்ரயிலிலேயே சென்றிறங்கக்கூடிய சுமார் 85 கிலோமீட்டர் தொலைவில், இதைவிடப் பொருத்தமான இடம் வட தமிழகத்தில் அரிது. அதற்குச் செய்ய வேண்டியது, அங்கே இரண்டு இரவுகளாவது தங்குவது என்று முடிவெடுப்பதே.

தங்குவோருக்குத்தான் முருகன் கோயில் மலையின் விடியற்காலை கிடைக்கிறது. ஆண்டின் நாள்களுக்கு ஈடாக 365 எனக் கணக்கிடப்படும் படிகளில் வெயில் ஏறிய பின் வெறுங்காலுடன் நடப்பது கடினம்; கல் குளிர்ந்திருக்கும் நேரத்தில் ஏறினால், வேண்டுதலுக்காகப் படிபூசை செய்யும் பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, சூடம் ஏற்றிக்கொண்டே மேலே நகர்வதை அருகிருந்து பார்க்கலாம். சூரனை வென்ற முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் 'தணிகை' என்ற பெயர் அமைந்ததாகப் புராணம் கூறும். அந்தப் பொருளுக்கு இசையவே, கந்த சஷ்டியின்போது பிற முருகன் தலங்களில் நிகழும் சூரசம்ஹாரம் இங்கு நடைபெறுவதில்லை, அதற்கு மாற்றாக மலர்களைக் குவித்து வழிபடும் புஷ்பாஞ்சலி நடைபெறுகிறது. ஆடி மாதத்தில் கார்த்திகை நட்சத்திரம் கூடும் ஆடிக்கிருத்திகையிலும், திருப்படித் திருவிழா நடக்கும் டிசம்பர் 31 இரவிலும் ஊர் பக்தர்களால் நிரம்பிவிடும் என்பதால், பூக்காவடிகளின் பெருவெள்ளத்தையே காண விரும்புவோர் தவிர மற்றவர்கள் அந்நாள்களைத் தவிர்ப்பது நலம்.

மலையிலிருந்து இறங்கியவர்களில் மிகச் சிலரே ஊருக்குள் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலுக்குச் செல்கிறார்கள் என்பது உண்மையிலேயே வருந்தத்தக்கது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவ மன்னர்களுள் இறுதியானவர்களில் ஒருவனான அபராஜிதவர்மனின் காலத்தில், நம்பி அப்பி என்பவர் எழுப்பிய இக்கற்றளியின் விமானம், பின்புறம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகை ஒத்திருப்பதால் 'தூங்கானை மாடம்' என்று சுட்டப்படும் வகையைச் சேர்ந்தது. இக்கோயிலைப் போற்றும் வெண்பா ஒன்று, அதாவது பெரும்பாலும் நான்கடியில் கட்டுக்கோப்புடன் அமையும் பழைய யாப்பு வகையிலான பாடல், இங்குக் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அதைப் பாடியவன் மன்னனே என்று கல்வெட்டு தெரிவிக்கிறது. அரசர்களைப் புலவர்கள் பாடிய செய்யுள்கள் ஏராளமாக உள்ள நாட்டில், குடிமகன் ஒருவன் கட்டிய கோயிலை அரசன் பாடியது எவ்வளவு அரிய நிகழ்ச்சி என்பதை எண்ணினால், அந்தச் சிறிய விமானத்தை ஒருமுறை நிதானமாகச் சுற்றிவராமல் ஊர் திரும்ப மனம் வராது. அருகிலுள்ள வேலஞ்சேரியில் 1977இல் கிடைத்த செப்பேடுகளுள் அபராஜிதனுடையது, மலைமேலுள்ள சுப்பிரமணியருக்கு அவன் அளித்த நிலக்கொடையைப் பதிவு செய்திருப்பதால், கீழ்க்கோயிலும் மேற்கோயிலும் ஒரே ஆட்சியின் சாட்சிகளாகின்றன.

உணவைப் பற்றிப் பேசும்போது எல்லையைப் பற்றியும் பேசியாக வேண்டும். சித்தூர் மாவட்டத்துடன் இருந்த திருத்தணி, ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தைத் தொடர்ந்து, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதே ஏற்பாட்டில் சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. நிலத்தில் கோடு விழுந்தாலும் அடுப்பில் விழவில்லை. நொய்யரிசி குழைய வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் அடி பிடிக்காமல் கிண்டி, கையைத் தண்ணீரில் நனைத்து உருட்டி வைப்பதைத் தமிழ்வீட்டில் களி என்றும் தெலுங்குவீட்டில் சங்கடி என்றும் சொல்வார்கள். நடுவே விரலால் குழி செய்து குழம்பை ஊற்றி, மெல்லாமல் விழுங்கும் முறை இரு வீட்டுக்கும் பொதுவானது. காரம் தூக்கலான கோழிக்குழம்போ, ஆந்திரத்தில் கோங்கூரா எனப்படும் புளிச்சக்கீரைக் கடைசலோ அதற்குத் துணை. மலையடிவாரத்தில் இட்லி, பொங்கலுடன் காலையை முடித்துக்கொண்டு, நகரிச் சாலைப் பக்கம் மதியச் சாப்பாட்டை வைத்துக்கொள்வது சிறந்த திட்டமாகும். சுடுசோற்றில் பருப்புப்பொடியும் நெய்யும் பிசைந்து உண்ட பிறகே சாம்பாருக்குச் செல்லும் வரிசையை அங்குக் கற்றுக்கொள்ளலாம்.

அந்தச் சாலையில் வடக்கே எழும் நகரி மலைகளின் ஒரு முனை மூக்கைப் போல நீண்டிருப்பதால், அதை 'நகரி மூக்கு' என்று அழைத்த ஆங்கிலேய மாலுமிகள், கடலிலிருந்தே அதை அடையாளமாகக் கொண்டு கரையை அறிந்தனர். அம்மலைகள் பெரும்பாலும் குவார்ட்சைட் எனப்படும், மணற்கல் இறுகிக் கெட்டிப்பட்டு உருவான பாறையால் ஆனவை. இதே வகைப் பாறையின் கூழாங்கற்களைத் தட்டிச் செதுக்கியே, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகில், கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் தொல்மனிதர் கைக்கோடரிகளைச் செய்தனர். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்டறிந்த அவ்விடத்தின் தொன்மை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று, தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தை முதலில் பார்த்துவிட்டால், குடியம் குகையைத் தேடிப் புதர்க்காட்டில் நடக்கும்போது காலடியில் கிடக்கும் கல்லும் பேசும். அது காப்புக்காடு என்பதால், செல்ல இசைவு உண்டா என வனத்துறையிடம் முன்னதாகக் கேட்டுக்கொண்டு, போதிய குடிநீருடன் காலையிலேயே புறப்பட வேண்டும். கிடைக்கும் கற்களை எடுத்துவரவே கூடாது.

திரும்பும் நாளுக்குத் திருவாலங்காட்டை வைத்துக்கொள்ளலாம். அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் இடையில் நிலையம் உண்டு. நடராசரின் ஐந்து சபைகளுள் இரத்தினசபை இருப்பது இவ்வூரில்தான். காரைக்காலம்மையார் தலையால் நடந்துவந்த மண் என்பதால் காலால் மிதிக்க அஞ்சிய சம்பந்தர், அருகிலுள்ள பழையனூரில் அன்றிரவு தங்கினார் என்பது மரபு. கோயில் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருப்பதால், மாலை மின்ரயிலின் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொண்டு ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது.