மாத்திரை விலையை முடிவு செய்வது யார்? அதைப் படிக்கவும் ஒரு படிப்பு இருக்கு!

பி.ஃபார்ம் முடிச்சாச்சு. மெடிக்கல் ரெப் ஆகலாமா, எம்.ஃபார்ம் சேரலாமா? பலரும் இந்த இரண்டு கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். மருந்துத் துறையின் வணிகத்தையும் கொள்கையையும் படிப்பது மூன்றாவது வழி.

மருந்துக்கு எதுக்குங்க கொள்கை?

'நெக்ஸவார்' என்ற புற்றுநோய் மாத்திரைக்கு ஒரு காலத்தில் மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய் ஆனது. இந்த விலை மக்களுக்குக் கட்டுப்படியாகாது என்று கூறி, ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் 'கட்டாய உரிமம்' கேட்டது. 2012 மார்ச்சில் அது கிடைத்தது. காப்புரிமை வைத்திருந்த பேயர் நிறுவனத்துக்கு ராயல்டி கொடுத்துவிட்டு, நாட்கோவே தயாரிக்கலாம். விலை? மாதம் சுமார் 8,800 ரூபாய். மருந்து அதேதான், விலையை இறக்கியது காப்புரிமைச் சட்டத்தின் 84-வது பிரிவு.

சாதாரண மருந்துகளுக்கு?

அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவற்றுக்கு, 2013-ம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி என்.பி.பி.ஏ. உச்சவரம்பு வைக்கிறது. சந்தையில் குறைந்தது 1% பங்குள்ள பிராண்டுகள் கடைக்காரருக்கு விற்கும் விலையின் சராசரியோடு 16% சேர்ப்பார்கள். சராசரி 10 ரூபாய் என்றால் உச்சவரம்பு 11.60 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு உச்சவரம்பு கிடையாது; ஆனால் ஆண்டுக்கு 10%-க்கு மேல் விலையை ஏற்றக் கூடாது.

விலையை ரொம்ப இறக்கினாலும் சிக்கல்தான். கட்டுப்படியாகாத மருந்தை கம்பெனிகள் தயாரிக்காமல் விட்டுவிடும். அதனால்தான் 2024 அக்டோபரில், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் உட்பட 8 மருந்துகளின் உச்சவரம்பை என்.பி.பி.ஏ.வே 50% உயர்த்தியது. நோயாளியின் பர்ஸ், மருந்து தட்டுப்பாடு இரண்டையும் ஒரே நேரத்தில் கணக்குப் போடத் தெரிந்த ஆட்கள் அரசுக்கும் தேவை, கம்பெனிக்கும் தேவை.

எங்கே படிக்கலாம்?

மத்திய அரசின் நைப்பர் நிறுவனங்களில், மொகாலி, ஹைதராபாத் போன்ற இடங்களில் எம்.பி.ஏ. (ஃபார்ம்) இருக்கிறது. பி.ஃபார்ம் மாணவர்கள் முதலில் ஜிபேட் தேர்ச்சி பெற வேண்டும். பிறகு நைப்பர் நுழைவுத் தேர்வு, குழு விவாதம், நேர்காணல்.

சேரும் முன் என்ன பார்க்கணும்?

'ஃபார்மா எம்.பி.ஏ.' என்ற பெயரை மட்டும் பார்த்து ஃபீஸ் கட்டிவிடாதீர்கள். காப்புரிமை, விலைக் கட்டுப்பாடு, மருந்து அனுமதி விதிகள் ஆகியவை பாடத்திட்டத்தில் தனித் தாள்களாக இருக்கின்றனவா என்று பாருங்கள். விற்பனையும் மார்க்கெட்டிங்கும் மட்டும்தான் என்றால், இரண்டு வருடம் கழித்து அதே ரெப் வேலைக்கான வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.